பெண்ணாடம் என்று எழுதிய பெட்டி

விருத்தாசலம்
19-6-2024

தம்பி கலியமூர்த்திக்கு,

உன் நம்பருக்கு ஒரு வாரமாக அடித்துப் பார்த்தேன். ஒரு மணியோடு அறுந்து போகிறது. என்னோடு தங்கி டீச்சர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த துர்கா, துணி எடுத்துப் போக வந்தபோது அவளிடம் போனைக் காட்டினேன். "அப்பா ஒங்கள பிளாக் பண்ணி வெச்சிருக்காரு அத்த" என்றாள். அதனால்தான் கடிதம். கடைசியாக உனக்கு நான் கடிதம் எழுதியது நீ ஐ.டி.ஐ. படிக்கக் கடலூர் போனபோது. எண்ணெய் தேய்த்துக் குளி என்று எழுதியதாக ஞாபகம்.

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. கேட்க வேண்டியது இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி நான் வேலைக்குப் போயிருந்தபோது துர்காவிடம் சாவி வாங்கிக்கொண்டு வந்தாய். சாயங்காலம் நான் திரும்பியபோது பின் அறை காலி. கொல்லையில் சாம்பல். பக்கத்து வீட்டு நீலாவதி, "ஒங்க தம்பி வந்து குப்பைய எரிச்சிட்டுப் போனாருக்கா. பொக தாங்கல, துணியெல்லாம் எடுத்து உள்ள போட்டுட்டேன்" என்றாள். முப்பத்தெட்டு வருடமாக நான் சேர்த்த கருமாதிப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸும் அவளுக்குக் குப்பை. அவள்மேல் தப்பில்லை, நீ அப்படிச் சொல்லியிருப்பாய்.

பதினோரு பெட்டியும் எரிந்ததா? ஏதாவது ஒன்றை எடுத்துப் போனாயா? எரிப்பதற்கு முன் எதையாவது திறந்து பார்த்தாயா? இவற்றுக்குப் பதில் வேண்டும்.

துர்காவைப் பெண் பார்க்க என் வீட்டுக்கு வந்த அன்று நீ முன் அறையில் மாப்பிள்ளை வீட்டாரோடு இருந்தாய். பின் அறையில் நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மாப்பிள்ளையின் அம்மா சிவகாமசுந்தரி மடியில் காபி கொட்டிவிட்டது. புடவையை அலசிக்கொள்ளட்டும் என்று நான்தான் பின்னால் அழைத்துப் போனேன். ஒரு குடம் தண்ணீர் எடுத்துவரப் போனேன், அவ்வளவுதான். பெட்டிகள் சுவரோரம் இருந்தன. எங்கள் பீங்கான் கம்பெனியில் பொம்மை அடுக்கி அனுப்புகிற அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஊர்ப்பெயர் எழுதியிருப்பேன். அவர் கண்ணில் பட்டது 'பெண்ணாடம்'. தன் ஊர்ப்பெயரை அடுத்தவர் வீட்டுப் பெட்டியில் பார்த்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

ஏழு வருடத்துக்கு முன் வண்டியில் போய்ச் செத்த அவருடைய மூத்த பையனின் நோட்டீஸ் அதில் இருந்தது. எனக்குத் தெரியாது. பெண்ணாடம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை மேசையில் கிடந்ததை எடுத்து வந்திருந்தேன். நான் தண்ணீரோடு வந்தபோது அவர் அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எம்புள்ள சாவ நீ என்னாத்துக்கும்மா பொட்டியில போட்டு வெச்சிருக்க?"

நான் குடத்தை இறக்கி வைத்தேன். அந்தத் தாளை என் கையில் திணித்துவிட்டு அவர் வெளியே போனார். அதன் பிறகுதான் நீங்கள் எல்லோரும் கேட்ட அழுகை.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கல்யாணப் பேச்சு முறிந்துபோன உன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. எரித்ததில் இல்லை.

பதில் எழுது.

தனக்கோடி


கருவேப்பிலங்குறிச்சி
27-6-2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிரிக்க வேண்டாம் என்றாள் தேவி. பிரித்துவிட்டேன்.

எல்லாம் எரிந்தது. எதையும் எடுத்து வரவில்லை. எதையும் திறந்து பார்க்கவில்லை. பெட்டியோடு கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றினேன். போதுமா?

இப்போது நான் கேட்கிறேன். ஊரில் கருமாதிப் பத்திரிகை வந்தால் வாசலிலேயே நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள். வீட்டுக்குள் கொண்டு போகமாட்டார்கள். இது நம் வீட்டில் மட்டும் இருக்கிற பழக்கமா? நீ என்னடா என்றால் அடுத்தவர் கிழித்துப் போடுவதற்கு முன் கையேந்தி வாங்கி வருகிறாய். தேவி கல்யாணமாகி வந்த புதிதில் உன் பெட்டியைப் பார்த்துவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். பிள்ளை உண்டாகியிருந்தபோது உன் வாசற்படியே மிதிக்கவில்லை. நீ அதைக் கவனித்தாயோ இல்லையோ. அந்தச் சமயத்தில் எல்லாம் உன் பக்கம் பேசியவன் நான். "அவ தனியா இருக்கா, ஏதோ ஒண்ணு வெச்சிக்கிட்டு இருக்கட்டும், வுடு" என்றுதான் சொல்வேன்.

நம் பழமலைநாதன் வாத்தியார் தீப்பெட்டி அட்டை சேர்க்கிறார். பார்க்கிறவர்கள் சந்தோஷமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீயும் ஸ்டாம்பு சேர், பழைய நாணயம் சேர், யார் என்ன சொல்லப் போகிறார்கள்? உனக்கு மட்டும் ஏன் சாவு?

துர்காவுக்கு இருபத்தைந்து முடிந்துவிட்டது. இது மூன்றாவது இடம். முதல் இரண்டும் ஜாதகத்தில் போனது. இது பொருந்தி வந்தது, பையனுக்கும் பிடித்திருந்தது, அவளுக்கும் பிடித்திருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னாள். நம் வீட்டில் அப்படி யார் சொல்லியிருக்கிறார்கள்? மறுநாள் பெண்ணாடம் போனேன். பையனுடைய சித்தப்பா என்னை வாசலிலேயே நிறுத்தினார். "சாவ சேத்து வெக்கிற வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோங்க, போயிட்டு வாங்க" என்றார். நான் பஸ்ஸில் ஏறிய பிறகும் அந்தப் பேச்சு காதிலேயே இருந்தது. அதற்கு அடுத்த நாள்தான் உன் வீட்டுக்கு வந்தேன்.

எரித்தது தப்பு என்றால் தப்பாகவே இருக்கட்டும். அந்த அறையில் இனிமேல் ஒரு நல்ல காரியம் நடக்கும்.

கலியமூர்த்தி


விருத்தாசலம்
4-7-2024

தம்பிக்கு,

எனக்கு மட்டும் ஏன் சாவு என்று கேட்டிருக்கிறாய். எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். புருஷன் விட்டுப்போன துக்கம் என்று கம்பெனியில் பேசிக்கொள்வார்கள். கோவிந்தராசு என்னை விட்டுப் போனது தொண்ணூற்றாறில். நான் சேர்க்க ஆரம்பித்தது எண்பத்தாறில். அதனால் அது இல்லை.

எனக்கு இருபது வயசு. பீங்கான் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். யாரோ வாங்கி வந்த போண்டாவை ஒரு கருமாதிப் பத்திரிகையில் மடித்துக் கொடுத்திருந்தார்கள். எண்ணெய் ஊறின தாளில் முப்பத்தொரு பேருடைய பெயர் இருந்தது. மகன்கள், மருமகள்கள், அவர்களுடைய ஊர், பேரன் பேத்தி, கொள்ளுப்பேத்தி ஒன்று. செத்தவர் பெயர் ஒன்றுதான். மற்ற முப்பதும் உயிரோடு இருக்கிறவர்கள். இத்தனை பேரை வரிசையாக நிறுத்தி வேறு எங்கே எழுதுகிறார்கள்? பேரனுக்குத் தாத்தா பெயர் இருந்தது. ஒரு மருமகள் பெயர் மட்டும் கையால் திருத்தியிருந்தது. பிடித்தது, வைத்துக்கொண்டேன். பிறகு இன்னொன்று. நீ பெரிய காரணம் எதிர்பார்த்தால் என்னிடம் இல்லை. எல்லோருக்கும் பிடித்தது எனக்கும் பிடித்திருக்க வேண்டும் என்று நினைத்தாய், அவ்வளவுதான் நம் தகராறு.

என்னோடு வேலை செய்கிற தங்கம்மாளை உனக்குத் தெரியும். சூளையில் சுட்டு வந்த பீங்கான் ப்யூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லாததை ஒதுக்குகிற வேலை எங்கள் இருவருக்கும். அவளுடைய அண்ணன் பதினாறு வயதில் வீட்டை விட்டு ஓடியவர். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே அவளுடைய அம்மா செத்துப்போனார். ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவள் திட்டக்குடிப் பெட்டியைப் பொழுதுபோகாமல் புரட்டினாள். யாரோ ஒரு கிழவருடைய பத்திரிகையில், மருமகன் என்கிற இடத்தில் அவளுடைய அண்ணன் பெயரும் சொந்த ஊர்ப் பெயரும் இருந்தது. கீழே இரண்டு பேரப்பிள்ளைகள். அவள் அந்தத் தாளை மூக்கோடு வைத்துப் படித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சாவுப் பெட்டி என்கிறாயே, அவளுக்கு அதிலிருந்து உயிரோடு ஓர் அண்ணன் கிடைத்தார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன்.

கருவேப்பிலங்குறிச்சிப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அப்பாவுடையது. 2009. மகன் கலியமூர்த்தி, மருமகள் தேவி, பேத்தி துர்கா. அதற்குக் கீழே பங்காளிகள் பதினேழு பேர். மகள் என்று யாரும் இல்லை. கடைசி எட்டு மாதம் அப்பாவுக்கு மலஜலம் எடுத்தது யார் என்று நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. பதினைந்து வருடமாக நான் இதைக் கேட்கவில்லை. நீ அந்த அறையைக் காலி செய்த பிறகு கேட்கலாம் என்று தோன்றுகிறது.

என் பெயர் எங்கே?

தனக்கோடி


கருவேப்பிலங்குறிச்சி
18-8-2024

அக்காவுக்கு,

பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. போர் மோட்டார் இரண்டு தடவை சுட்டுப்போனது. கரும்புக்குத் தண்ணீர் கட்ட முடியாமல் அலைந்தேன். இது உண்மைதான், ஆனால் எழுதாததற்குக் காரணம் இது இல்லை.

பிரஸ்ஸில் சொன்னது நான்தான். தேவி இல்லை, பங்காளிகள் இல்லை. அவர்கள் சொன்னார்கள் என்று எழுதிவிடலாம் என்று இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். பிரஸ்காரர் கேட்டார், "மக, மருமகன் பேரு சொல்லுங்க." நான் உன் பெயரைச் சொன்னேன். "மருமகன்?" என்றார். கோவிந்தராசு பெயரைப் போட எனக்கு மனசு இல்லை. உன் பெயரைத் தனியாகப் போட்டால் படிக்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். கூட வந்திருந்த பெரியப்பா மகன் என் முகத்தைப் பார்த்தான். "சரி, அது வேணாம், வுட்டுடுங்க" என்றேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

உனக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கு? பத்திரிகை சேர்க்கிறவளுக்கு! என் புத்தியை என்ன சொல்வது.

எரிக்கும்போது அந்த ஒன்றை நினைத்தேனா என்று நீ அடுத்த கடிதத்தில் கேட்பாய். நினைத்தேன் என்றும் எழுத முடியவில்லை, இல்லை என்றும் எழுத முடியவில்லை. பெட்டியின் மேல் நம் ஊர்ப்பெயரைப் பார்த்தேன். அதைத்தான் முதலில் கவிழ்த்தேன்.

துர்கா என்னோடும் சரியாகப் பேசுவதில்லை. இன்னும் கூட வேலை பார்க்கிற காவியா டீச்சர் வீட்டிலேயே இருக்கிறாள். உன்னிடம் வந்தாளா?

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் நீ அடித்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் அடிக்காதே.

கலியமூர்த்தி


விருத்தாசலம்
22-10-2024

தம்பிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சும்மா இருந்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். மன்னிக்கவில்லை என்று எழுதவும் கை வரவில்லை. அரை நிமிஷம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்காக.

நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணிக்கு ஒருவர் வந்து கதவைத் தட்டினார். திறந்தால் பெண்ணாடத்து சிவகாமசுந்தரி அம்மாள். தனியாக பஸ்ஸில் வந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னேன். உட்காராமல் பின் அறைப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்தத் தாள எனக்குக் குடுத்துடுங்கம்மா. ஒரு தரம் பாத்துட்டுக்கூட குடுத்துடறேன்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பையன் தமிழ்மணி செத்தபோது அவனுடைய சிநேகிதர்கள் அந்த நோட்டீஸை அடித்திருக்கிறார்கள். அதில் ஒருவன்தான் அன்றைக்கு வண்டி ஓட்டியவன். சித்தப்பாவுக்கு ஆத்திரம். ஊரில் ஒட்டியதை எல்லாம் கிழித்துவிட்டு, மிச்சமிருந்த கட்டைப் பிடுங்கி வெள்ளாற்றில் போட்டுவிட்டார். இந்த அம்மாள் அப்போது நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அப்படி ஒரு நோட்டீஸ் அடித்ததே நம் வீட்டில்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எங்க வூட்ல இருக்கற போட்டோ எல்லாத்துலயும் அவன் மொறச்சிக்கிட்டுத்தான் இருப்பான். காலேஜ் ஐ.டி. கார்டுல, அவன் அக்கா கல்யாணத்துல, எல்லாத்துலயும். இதுல சிரிக்கிறான்மா. பல்லு தெரிய சிரிக்கிறான். அந்தப் போட்டோவ நான் பாத்ததே இல்ல. அன்னிக்கி ஆத்திரத்துல சரியாவே பாக்கல. நாலு மாசமா அது எப்டி இருந்துச்சின்னு நெனச்சி நெனச்சிப் பாக்கறேன், வர மாட்டுது."

மழையில் கூரை ஒழுகிப் பெட்டி நனைந்து போய்விட்டது, தூக்கி எறிந்துவிட்டேன் என்று சொன்னேன். உன்னைச் சொல்லவில்லை. அவர் என்னை நம்பவில்லை. பத்திரிகையை இத்தனை ஒழுங்காக அடுக்குகிறவள் மழையில் விடுவாளா என்று அவருக்குத் தெரியாதா? இருந்தாலும் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

"ஒங்களுக்கு ஞாபகம் இருக்குதா? எப்டி இருந்தான்?" என்று கேட்டார்.

நாலாயிரத்துக்கு மேல் இருந்தது தம்பி. ஒவ்வொன்றும் எப்படி ஞாபகம் இருக்கும்? யோசித்து யோசித்துச் சொன்னேன். கட்டம் போட்ட சட்டை. பின்னால் தண்ணீர். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'அப்பு' என்று இருந்தது. அதைச் சொன்னதும் அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அப்டி அவன் சேக்காளிங்கதான் கூப்டுவானுங்க."

அவர் போன பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. பலபேர் நின்று எடுத்த போட்டோவை வெட்டித்தான் அச்சடித்திருந்தார்கள். தோளில் வேறு யாருடைய கையோ இருந்தது. மணிக்கட்டில் தேள் பச்சை குத்தியிருந்தது.

துர்காவைப் பார்த்துப் போன அவருடைய இரண்டாவது பையனுக்குத் திட்டக்குடியில் பெண் நிச்சயமாகிவிட்டது. அவரே சொன்னார். அன்று சாயங்காலம் துர்கா வந்தபோது அவளிடம் சொன்னேன். "தெரியும் அத்த. கல்யாணம் நின்னதுகூடப் பரவால்ல. நீங்க ரெண்டு பேரும் என்ன நடுவுல வெச்சிக்கிட்டு சண்ட போடறீங்க பாருங்க, அதான் தாங்கல" என்றாள். சாவியை நீ கேட்டு வாங்கியபோது என்னத்துக்கு என்று கேட்காமல் கொடுத்தது தன் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது அவள் தப்பு இல்லை என்று நீ ஒரு வார்த்தை சொல்.

உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

தனக்கோடி


கருவேப்பிலங்குறிச்சி
17-11-2024

அக்காவுக்கு,

இது நீளமான கடிதம். பொறுமையாகப் படி.

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. தேவி என்ன என்று கேட்டாள், படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். படித்துவிட்டு, "எங்கயாச்சும் ஒண்ணு இருக்கும், போய்த் தேடுங்க" என்றாள். தேவிதான் சொன்னாள், நம்பினால் நம்பு.

முதலில் பெண்ணாடத்தில் நோட்டீஸ் அடிக்கிற பிரஸ்களுக்குப் போனேன். ஒருவர் கம்ப்யூட்டரை மாற்றிவிட்டேன் என்றார். இன்னொருவர், "ஏழு வருஷத்து நோட்டீஸ எவன் சார் வெச்சிருப்பான்?" என்று சிரித்தார். என் அக்கா வைத்திருந்தாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்புறம் நீ எழுதியிருந்த தேள் ஞாபகம் வந்தது. கரும்பு லோடு அடிக்கிற டிராக்டர்காரர்களில் நமக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் ஒவ்வொரு டீக்கடையாக நின்று விசாரித்தேன். கையில் தேள் பச்சை குத்திய பையன் யார், முப்பது வயசு இருக்கும். நாலாவது நாள் ஒருவர், "நம்ம பாண்டியனா? டிராக்டர் ரிப்பேரு பாக்கறானே" என்றார்.

பட்டறை பெண்ணாடத்தை விட்டுத் தள்ளி இருக்கிறது. பாண்டியன் டயர் கழற்றிக்கொண்டிருந்தான். தமிழ்மணி என்று சொன்னதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். "நீங்க அவங்க வூட்டு ஆளா?" என்று கேட்டான். இல்லை என்றேன். யார் என்று சொல்வது? பெண் கொடுக்க இருந்தவன் என்றா, போட்டோவை எரித்தவன் என்றா? இரண்டையும் சொன்னேன்.

அன்றைக்கு வண்டி ஓட்டியது அவன்தான் அக்கா. நாலு பேர் இரண்டு வண்டியில் வெலிங்டன் ஏரிக்குப் போயிருக்கிறார்கள். திரும்பும்போது விளக்கில்லாமல் ரோட்டில் நின்ற டிரெய்லரில் மோதிவிட்டான். அந்தப் போட்டோ அன்று காலை ஏரிக்கரையில் எடுத்தது. நோட்டீஸுக்கு அதைக் கொடுத்ததும் அவன்தான். வீட்டார் அடித்து விரட்டியதிலிருந்து அந்தத் தெருவழியாகவே போவதில்லையாம். பட்டறைக்குள் கூட்டிப் போனான். ஆணியில் மாட்டியிருந்த காலண்டரைத் தூக்கினான். அதற்குப் பின்னால் போட்டோ, கண்ணாடிச் சட்டத்தில்.

"வர்றவங்க யாரு என்னன்னு கேப்பாங்க, அதான் மறச்சி வெச்சிருக்கேன்" என்றான்.

ஏழு வருடமாக ஒரு போட்டோவைக் காலண்டருக்குப் பின்னால் வைத்திருக்கிறான். உன்னுடைய பெட்டிகளை நினைத்துக்கொண்டேன்.

ஸ்டுடியோவில் பிரதி எடுக்கலாம் என்றேன். "வேணாங்க, இதையே குடுத்துடுங்க. நான் குடுத்தன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றான். சட்டத்தைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தான்.

நேராகச் சிவகாமசுந்தரி அம்மாள் வீட்டுக்குப் போனேன். நல்லவேளையாகச் சித்தப்பா இல்லை. அந்த அம்மாள் மட்டும் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். போட்டோவைக் கொடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். கொடுத்துவிட்டுச் சொன்னால் அது தப்பிக்கிற வழி.

"மழைல நனையலீங்கம்மா. நான்தான் எரிச்சேன். எங்க அக்கா எனக்காகப் பொய் சொல்லியிருக்கு" என்றேன்.

முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எரிக்கறப்ப அவன் மொகத்தப் பாத்தீங்களா?"

"இல்லம்மா. ஒருத்தர் மொகத்தையும் பாக்கல. அப்டியே கவுத்துட்டேன்."

"பாத்திருந்தா எரிச்சிருக்க மாட்டீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாலாயிரம் பேர் அக்கா. ஒருவர் முகத்தையாவது நான் பார்த்திருக்கலாம். நம் அப்பா முகத்தையாவது.

துணியைப் பிரித்துக் கொடுத்தேன். நாலு பையன்கள் தண்ணீருக்கு முன்னால் நிற்கிறார்கள். அவன் நடுவில், நீ சொன்ன கட்டம் போட்ட சட்டை. பக்கத்தில் தோளில் கை போட்டுக்கொண்டு பாண்டியன். அந்த அம்மாள் உளுந்துத் தூசி ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துவிட்டுச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டார். பார்த்ததும் யார் கொடுத்தது என்று தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. உள்ளங்கையை விரித்து பாண்டியன் இருந்த பக்கத்தை அப்படியே மூடிக்கொண்டார். மகனை மட்டும் பார்த்தார். எத்தனை நேரம் என்று தெரியாது. நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி திரும்பியபோது கையை எடுத்திருந்தார். முழுப் படத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குக் கல்யாணம் ஆயிடிச்சா?" என்று கேட்டார்.

"தெரியலீங்கம்மா. கேக்கலை" என்றேன்.

"கேட்டுச் சொல்லுங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. கோபமா, விசாரிப்பா? மறுநாள் பட்டறைக்குப் போய் அந்த அம்மாள் கேட்டதைச் சொன்னேன். பாண்டியன் காலண்டர் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இன்னும் இல்லீங்க" என்றான். அதைக் கொண்டுபோய் அந்த அம்மாளிடம் சொன்னேன். "உம்" என்றார்.

துர்காவைப் போய்ப் பார்த்தேன். சாவி விஷயத்தில் உன் தப்பு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவள் அழுதாள். ஸ்கூல் வாசலில் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தன.

உன்னைப் பார்க்க வரலாமா?

கலியமூர்த்தி


விருத்தாசலம்
25-11-2024

தம்பி கலியமூர்த்திக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனிக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு நேரத்தில் தங்கம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அந்த அம்மாள் கையால் மூடிய இடம் வந்ததும் தாளை அவளிடம் நீட்டினேன். மிச்சத்தை அவளே வாங்கிப் படித்துக்கொண்டாள்.

நீ செய்தது சின்னக் காரியம் இல்லை. போய் நின்று, நான்தான் எரித்தேன் என்று சொன்னாயே, அதை நான் உன்னிடம் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காதது என் தப்பு. தேவியிடமும் சொல், அவளைப் பற்றி இத்தனை வருடம் நான் நினைத்திருந்தது முழுதும் சரியில்லை.

ஆனால் ஒன்று. ஒரு போட்டோ கிடைத்துவிட்டதால் மற்றது எரியாததாக ஆகிவிடாது. அதில் இருந்தவர்களுக்கு எல்லாம் தேள் குத்திய சிநேகிதன் இருக்கமாட்டான். அந்த அம்மாளைப்போல் இன்னும் எத்தனை பேர் வந்து கேட்டிருப்பார்களோ, கேட்கவே மாட்டார்களோ, எனக்குத் தெரியாது. யாரும் கேட்காவிட்டாலும் அது என்னுடையது. உனக்கு நான் சொல்ல வந்ததெல்லாம் அவ்வளவுதான். உபயோகம் இருந்தது என்பதற்காக நீ வருத்தப்படுகிறாய். உபயோகம் இல்லாமலே இருந்திருந்தாலும் நீ எரித்திருக்கக் கூடாது.

அப்பா பத்திரிகையைப் பற்றி இனி எழுதமாட்டேன். நீ சொன்னது போதும். வலிக்காமல் போய்விட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வா. தேவியும் வரட்டும். துர்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மீன் வாங்கி வைக்கிறேன், காலை பஸ்ஸில் வந்தால் சமையலுக்குத் தேவி கை கொடுப்பாள்.

முன் அறையில் உட்காரு, அடுப்பங்கரைக்கு வா, கொல்லையில் கை கழுவு. பின் அறைக்கு மட்டும் போகாதே. கதவு திறந்துதான் இருக்கும், நான் பூட்டுவதில்லை. உள்ளே இப்போது ஒன்றும் இல்லை. வேலை விட்டு வந்ததும் அங்கே கொஞ்ச நேரம் நிற்கிறேன். அதில் நீ வந்து நிற்பதைப் பார்க்க என்னால் இன்னும் முடியாது. முடிகிற அன்று நானே கூப்பிடுகிறேன்.

போன் அடித்தால் எடு.

உன் அக்கா
தனக்கோடி